நிலத்தை அறிந்தவனும் நிலத்தில் வேரூன்றாதவனும்
றொபேட் நொக்ஸின் இலங்கை நூல் பற்றிய ஒரு நோக்கு

அந்நிய நாடொன்றைப் பற்றி எழுதி வைத்தோர் பலவகையினர். தூதுவர் அரண்மனையைக் கண்டு எழுதினர். வணிகர் துறைமுகத்தையும் பண்டங்களின் விலையையும் எழுதினர். மதகுருமார் தம் மதத்தைச் சாராதோரின் வழிபாட்டை எழுதினர். நிருவாகிகள் வரியையும் குடித்தொகையையும் எழுதினர். இவர்களுள் எவரும் தாம் எழுதிய நாட்டின் மண்ணை நம்பி உயிர்வாழ்ந்தவரல்லர். வயலில் நெல் விளையாவிடினும் அவர்களுக்கு உணவு கிடைத்தது. வேற்று நாடொன்றிற் குடியானவராய் வாழ்ந்து, அவ்வாழ்வினின்றே அந்நாட்டைக் கண்டு எழுதியோர் மிகச் சிலர். உழுபவன் பெரும்பாலும் எழுதுவதில்லை. எழுதுபவன் பெரும்பாலும் உழுவதில்லை என்பதே இதற்குக் காரணமாகும்.

அத்தகைய அரிய நூல்கள் இரண்டு லண்டன் மாநகரிலே ஒரு நூற்றாண்டு இடைவெளியில் வெளிவந்தன. ஒன்று 1681ஆம் ஆண்டில் வெளிவந்த, இலங்கைத் தீவினைப் பற்றிய றொபேட் நொக்ஸின் வரலாற்று விவரணம். மற்றையது 1782ஆம் ஆண்டில் வெளிவந்த, அமெரிக்க விவசாயி ஒருவனின் கடிதங்கள் என்ற பெயருடைய நூல். இதன் ஆசிரியர் பிரான்சிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய கிறெவ்கேர் என்பவர். முன்னவர் கைதியாய் வந்து குடியானவரானார்; பின்னவர் தம் விருப்பின்படி குடியேறி விவசாயியானார். முன்னவர் தமது நிலத்தை விட்டுத் தப்பியோடுவதையே குறிக்கோளாகக் கொண்டார். பின்னவர் தமது நிலத்திலேயே புதியதொரு மனிதன் பிறந்துவிட்டான் என்று மகிழ்ந்தார். ஒருவன் தான் வாழும் நிலத்தோடு கொண்டுள்ள உறவே அவன் எதைக் காண்கிறான், எதைக் காணத் தவறுகிறான் என்பதைத் தீர்மானிக்கின்றது. நொக்ஸின் நூலை முதன்மையாகவும் கிறெவ்கேரின் நூலை ஒப்புநோக்காகவும் கொண்டு இவ்வுண்மையை ஆராய்வது பயனுடையதாகும்.

1641இல் லண்டனிற் பிறந்த நொக்ஸ், கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் இருந்த ‘ஆன்’ என்னும் கப்பலிலே, அதன் தலைவரான தம் தந்தையுடன் பயணஞ் செய்தார். மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் இழந்த அக்கப்பல், அதனைச் சீர்செய்யும் பொருட்டுத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவை அடைந்தது. அங்கு 1660இல் தந்தையும் மகனும் உட்படப் பதினாறு பேர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். நொக்ஸுக்கு அப்போது வயது பத்தொன்பது. கைதிகள் சிறைக்கூடத்தில் அடைக்கப்படவில்லை. வெவ்வேறு கிராமங்களிற் பிரித்து வைக்கப்பட்டு, அவ்வக் கிராமத்தார் அவர்களுக்கு உணவளித்தல் வேண்டும் என்று கட்டளையிடப்பட்டது. 1661இல் பண்டார கொஸ்வத்தையிலே தந்தை காய்ச்சலால் இறந்தார். அதன்பின் இளைஞரான நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்தார். இறுதியில் உடுநுவரைப் பகுதியைச் சேர்ந்த எலதெத்தையிற் சிறுநிலமொன்றை விலைக்கு வாங்கி வீடும் தோட்டமும் உடையவரானார். 1679இல் ஸ்ரீபன் றட்லன்ட் என்னும் தோழருடன் தப்பி, அநுராதபுரக் காட்டினூடாக அருவியாற்றங்கரை வழியே நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். சிறைவாழ்வு ஏறத்தாழ இருபதாண்டுகள் நீடித்தது.

நூல் நான்கு பாகங்களை உடையது. முதற்பாகம் நாட்டையும் அதன் விளைபொருள்களையும், இரண்டாம் பாகம் அரசனையும் ஆட்சியையும், மூன்றாம் பாகம் மக்களின் வாழ்க்கைமுறையையும், நான்காம் பாகம் ஆசிரியரது சிறைவாழ்வையும் தப்பிய வரலாற்றையும் கூறுகின்றன. அறிவியலாளரான றொபேட் ஹூக் இந்நூலின் வெளியீட்டிற்குத் துணைநின்று முன்னுரையும் எழுதினார். இதனாற் போலும், பிற்காலத்தார் இந்நூலைப் பெரும்பாலும் தகவற் களஞ்சியமாகவே நோக்கினர். கண்டியின் சமூக அமைப்பினை ஆராய்ந்த றல்ஃப் பீரிஸ் போன்றோர் நொக்ஸை முக்கிய சான்றாகக் கொண்டனர். ஆங்கில இலக்கிய ஆய்வாளரோ, டானியல் டீஃபோவின் றொபின்சன் குரூசோவுக்கு இந்நூல் ஒரு தூண்டுகோலாக இருந்திருக்கலாம் என்ற அளவிலே அமைந்தனர். வரலாற்றாசிரியருக்குச் சான்று, இலக்கிய மாணவருக்கு மூலப்பொருள் என்று இவ்வாறு பங்கிடப்பட்டமையால், இது ஒரு மனிதன் எழுதிய நூல் என்ற நோக்கில் அதனைப் படிக்கும் முயற்சி குறைந்துவிட்டது.

அந்த மனிதனை முதலிற் காண்பதற்குரிய இடம் நூலின் நான்காம் பாகமன்று. நெற்செய்கை பற்றிய பகுதியேயாகும். நெல்லினங்களை நொக்ஸ் நிறத்தாலோ சுவையாலோ வகுக்கவில்லை. விளையும் காலத்தால் வகுக்கிறார். ஏழு மாதத்தில் விளையும் மாவீ முதல் நான்கு மாதத்தில் விளையும் ஹீனட்டி, மூன்றே மாதத்தில் விளைவதொன்று வரை ஐந்து இனங்களை நிரல்படக் கூறுகிறார். அவற்றின் விலையில் வேறுபாடில்லை. அவ்வாறாயின் ஏன் ஐந்து இனங்கள்? நீர் எத்துணைக் காலத்துக்குக் கிடைக்குமோ அத்துணைக் காலத்துக்கேற்ற நெல்லையே குடியானவன் விதைக்கிறான் என்பது அவர் தரும் விடை. இவ்விடையில் ஒரு நாட்டின் பயிர்ச்செய்கை முழுவதும் அடங்கியுள்ளது. மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி நீரை மேலிருந்து கீழே இறக்குதல், சேற்றைப் பலகையாற் சமப்படுத்தல், முளைகட்டிய விதையைத் தூவுதல், பெண்கள் களையெடுத்தல், அறுவடைக்கு ஊரார் ஒருவர்க்கொருவர் உதவுதல், உதவியோர்க்கு வயற்சொந்தக்காரன் சோறிடுதல் என்று ஒவ்வொரு வேலையும் அது நிகழும் முறையில் வருகின்றது. களத்தின் நடுவே சாம்பலால் வட்டமிட்டுச் சடங்கு செய்வதும், முதற் கதிர்க்கட்டைப் பெண் சுமந்து வருவதும் கேலியின்றி விவரிக்கப்படுகின்றன. மாடுகளை விட்டுப் போரடிக்கும் முறை தம் நாட்டார் கோலால் அடிப்பதிலும் விரைவானது, எளிதானது என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

மலைநாட்டின் வடபுறத்தைக் குறித்து அவர் கூறுவது இன்னும் கூர்மையானது. அங்கு ஊற்றும் வற்றாத ஆறும் இல்லாமையால், இரு மேடுகளுக்கிடையே பிறைவடிவிற் கரைகட்டி மழைநீரைத் தேக்குகின்றனர் என்று குளங்களின் அமைப்பை ஒரு குடியானவனுக்கு விளங்கும் சொற்களிற் கூறுகிறார். மாத்தளை மலைகள் தாழ்ந்து தம்புள்ளைச் சமவெளியோடு கலக்கத் தொடங்கும் நாவுலப் பகுதியை அறிந்தோர்க்கு இதன் உண்மை எளிதிற் புலனாகும். ஈரமலை முடிந்து வரண்டநிலம் தொடங்குகின்ற அவ்வெல்லையிலே, நீரின் கால அளவே விதையைத் தீர்மானிக்கும் என்பது நூலிற் படித்தறிய வேண்டியதொன்றன்று. போவதென்ன, மொறகஹகந்தை ஆகிய பெருந்தேக்கங்கள் எழுந்துவிட்ட பின்னரும், விதைக்குமுன் நீரை எண்ணிப் பார்க்கும் பழக்கம் உழவரை விட்டு நீங்கிவிடவில்லை. மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் வந்த அந்நியனொருவன் இவ்வடிப்படையைக் கண்டுகொண்டான் என்பதே நொக்ஸின் பெருமை.

எனினும், இத்துணை நுட்பமான அறிவு அவருக்கு எவ்வாறு கிட்டியது என்ற வினாவைப் பாராட்டுவோர் எழுப்புவதில்லை. விடை நூலிலேயே உள்ளது. நொக்ஸ் ஏரைப் பிடித்து வயலை உழுது வாழ்ந்தவரல்லர். அவர் தோட்டக்காரர், கால்நடை வளர்த்தவர், அனைத்திற்கும் மேலாக நெல்லைக் கடன் கொடுத்தவர். ஓராண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வீதம் வட்டி கிடைக்கும் இத்தொழிலே தம் நிலையை உயர்த்தியது என்று அவரே கூறுகிறார். கடனைத் திரும்பப் பெறுவதற்கு அறுவடைக் காலத்திற் கடன்காரனின் களத்துக்கே செல்லவேண்டும். காலந் தாழ்த்தினால் ஏனைய கடன்கொடுத்தோர் முந்திவிடுவர். எந்த நெல் எத்தனை மாதத்தில் விளையும் என்பது விதைப்பவனுக்கு வேண்டிய அறிவு மட்டுமன்று. வட்டி வாங்குபவனுக்கும் அதே அறிவு வேண்டும். நொக்ஸ் களத்தைக் கண்டது பெரும்பாலும் அதன் ஓரத்தில் நின்றேயாகும். நெல் அளக்கப்படும் நேரத்திற் குடியானவனின் முகத்தில் என்ன தோன்றியது என்பதை அவர் எழுதவில்லை. அளவை எழுதினார், அளந்து கொடுத்தவனை எழுதவில்லை.

இதனைக் கொண்டு நொக்ஸைக் கொடியவர் என்று முடிவுகட்டுவது பொருந்தாது. அந்நாட்டில் நெற்கடன் வழங்கிவந்த முறையொன்றையே அவரும் பின்பற்றினார். உறவோ காணியோ அற்ற கைதிக்கு வேறு வழிகளும் மிகுதியாக இருக்கவில்லை. ஆயினும், பக்கஞ்சாராத சாட்சி என்று அவரைப் போற்றும் மரபு திருத்தப்படல் வேண்டும். அவர் சாட்சி மட்டுமல்லர். தாம் விவரிக்கும் பொருளாதார உறவில் ஒரு தரப்பினருமாவார்.

இனி, அவர் வேரூன்ற மறுத்தமை நோக்கத்தக்கது. ஆங்கிலக் கைதிகள் பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்தனர். எலதெத்தை வீட்டில் மணமாகாதோர் சிலரே சேர்ந்து வாழ்வதென்று உடன்பாடு செய்துகொண்டனர். காலப்போக்கில் இருவர் மணஞ்செய்து விலக, நொக்ஸும் றட்லன்டுமே எஞ்சினர். அரசனின் சேவைக்கு அழைக்கப்பட்டபோதும் நொக்ஸ் அதனைத் தவிர்த்துக்கொண்டார். இதன் காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு அவரது இரண்டாம் பாகம் உதவுகின்றது. கண்டியில் நிலம் சேவைக்கு ஈடாகவே பயன்படுத்தப்பட்டது. நிலத்தை வைத்திருப்பவன் அதற்குரிய இராசகாரியத்தைச் செய்தல் வேண்டும். சேவையை விட்டால் நிலத்தையும் விடவேண்டும். ஆகவே அரசனிடம் நிலமும் பதவியும் பெறுவது பேறன்று, இன்னொரு விலங்கு. நல்ல கனி தரும் மரத்தில் அரசன் பெயரால் மூன்று முடிச்சிட்ட கயிறொன்றைக் கட்டிவிட்டால், மரத்துக்குரியவனே அக்கனியைத் தீண்ட அஞ்சுவான் என்ற செய்தியை நொக்ஸ் தருகிறார். பொருளைச் சேமிக்கவும் நிலத்தைத் திருத்தவும் மக்கள் ஆர்வங் காட்டாமைக்கு அவர்களது சோம்பலைக் காரணங் கூறாது, சேர்த்தது தமக்கு நிலைக்காது என்ற அச்சத்தைக் காரணங் கூறுமிடத்து, அவர் தம் காலத்து ஐரோப்பியர் பலரிலும் உயர்ந்து நிற்கிறார். பிற்காலத்திற் பெருந்தோட்டத் துரைமார் இலங்கையரின் சோம்பல் பற்றி எழுதிய பக்கங்களை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும்.

அவ்வாறே மக்களின் மொழியைக் குறித்தும் அவர் மதிப்புடன் எழுதுகிறார். முன்னிலையில் ஒருவரை விளிப்பதற்கு அவரவர் தகுதிக்கேற்ப ஏழெட்டுச் சொற்கள் உண்டு என்றும், உழவனின் பேச்சுக்கும் அரசவையாரின் பேச்சுக்கும் நயத்தில் வேறுபாடில்லை என்றும் கூறுகிறார். உழவனின் உடலிற் படிந்த சேற்றைக் கழுவிவிட்டால் அவன் நாடாளவும் தகுதியுடையவன் என்ற கருத்தமைந்த, மலைநாட்டாரைப் பற்றி வழங்கிய பழமொழியொன்றையும் பதிவு செய்துள்ளார். அதே நூலில் மற்றோரிடத்து இம்மக்கள் பொய்யும் வஞ்சகமும் மிக்கவர் என்றும் எழுதுகிறார். இம்முரண்பாட்டை ஆசிரியரின் கவனக்குறைவு எனத் தள்ளிவிட முடியாது. அயலவனாக இருந்து அவர்களோடு பேசியபோது முதலாவது புலப்பட்டது. கடன் கொடுத்தவனாகவும் தப்பியோட வழி தேடியவனாகவும் இருந்தபோது இரண்டாவது புலப்பட்டது. தம் நோக்கத்தை எல்லோரிடமிருந்தும் இருபதாண்டு மறைத்து வாழ்ந்தவர் பிறரின் வஞ்சகத்தைப் பற்றி எழுதுவதிலுள்ள முரண் அவருக்குத் தோன்றவில்லை.

இவ்விடத்தில் கிறெவ்கேரை நோக்குதல் தகும். 1735இற் பிறந்த இவர் கனடாவிற் பிரெஞ்சுப் படையிற் பணியாற்றிப் பின்னர் நியூயோர்க் குடியேற்றத்தை அடைந்து, 1765இல் அங்குக் குடியுரிமை பெற்று, ஒறேஞ்சு மாவட்டத்தில் விவசாயஞ் செய்தார். அவரது நூலிலுள்ள பன்னிரண்டு கடிதங்களுட் பெரும்பாலானவை ஜேம்ஸ் என்னும் கற்பனை விவசாயியின் பெயரால் எழுதப்பட்டவை. நொக்ஸுக்கு நிலம் தற்காலிகத் தங்குமிடம்; ஜேம்ஸுக்கு நிலம் ஆளுமையின் அடிப்படை. உழும்போது தன் சிறுமகனை ஏரில் பொருத்திய இருக்கையில் அமர்த்திக்கொள்ளும் ஜேம்ஸ், தன் தந்தை தனக்குச் செய்ததையே தானும் மகனுக்குச் செய்வதாக மகிழ்கிறான். ஐரோப்பாவில் உழைப்பின் பயன் பிரபுவையும் திருச்சபையையும் சேர்ந்தது; இங்கோ உழைத்தவனையே சேர்கின்றது. ஆகையால் பல நாடுகளிலிருந்து வந்த ஏழைகள் இங்கே ஒன்றுகலந்து புதிய இனமாகின்றனர். அமெரிக்கன் என்பவன் யார் என்ற புகழ்பெற்ற வினாவுக்கு மூன்றாம் கடிதம் தரும் விடையின் சாரம் இதுவே.

விடை அழகானது. ஆனால் அது நிலமுடையவனின் விடை. ஒன்பதாம் கடிதத்திலே சார்ள்ஸ்ரன் நகருக்குச் செல்லும் ஜேம்ஸ், கூண்டிலடைத்து மரத்தில் தொங்கவிடப்பட்ட அடிமையொருவனைக் காண்கிறான். பறவைகள் அவன் கண்களைக் கொத்தியெடுத்துவிட்டன. உயிர் மட்டும் போகவில்லை. அவன் கேட்ட நீரைக் கொடுத்துவிட்டு ஜேம்ஸ் தான் விருந்துக்குச் செல்லவேண்டிய வீட்டை அடைகிறான். மேற்பார்வையாளனைக் கொன்றமைக்காகவே அத்தண்டனை என்று அங்குக் கேட்கிறான். கடிதம் அதனோடு முடிகின்றது. அடிமைமுறையைக் கண்டித்துப் பக்கம் பக்கமாக எழுதியவனால், அக்காட்சிக்குப் பின் ஒரு சொல்லும் சொல்ல இயலவில்லை. மேலும், அடிமைகள் வடபகுதியில் நன்கு நடத்தப்படுகின்றனர் என்று அதே கடிதம் ஆறுதல் கூறுகின்றது. ஜேம்ஸின் பண்ணையிலும் கறுப்பின அடிமைகள் உள்ளனர். புதிய மனிதன் யார் என்ற வினா எழுந்தபோது அவர்கள் அக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை. இறுதிக் கடிதத்திற் போர் மூள, ஜேம்ஸ் தன் நிலத்தை விட்டு ஓட எண்ணுகிறான். கிறெவ்கேரின் வாழ்விலும் அதுவே நேர்ந்தது. பிரான்சு சென்று 1783இல் அவர் திரும்பியபோது வீடு எரிந்திருந்தது, மனைவி இறந்திருந்தார். நிலமே மனிதனை உருவாக்கும் என்ற நம்பிக்கையின் எல்லையை அந்நூலின் முடிவே காட்டிவிட்டது.

கிறெவ்கேரின் நூலிற் கூண்டிலடைபட்ட அடிமைக்கு உள்ள இடம், நொக்ஸின் நூலிலே ஒரு சிறுவனுக்கு உண்டு. பறங்கிப்பேட்டையிலிருந்து நொக்ஸின் தந்தை தமக்குப் பணிசெய்யக் கொண்டுவந்த கறுப்பினச் சிறுவன் என்று மட்டுமே அவன் குறிக்கப்படுகிறான். பெயர் இல்லை. தந்தை இறந்த அன்று, ஊராரின் மொழி அறியாத நொக்ஸ் இச்சிறுவனையே அவர்களிடம் உதவி கேட்க அனுப்பினார். பிணத்தைக் கழுத்திற் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்வதற்கு மாடு கட்டும் கயிறொன்றை ஊரார் கொண்டுவந்தனர். வேறு உதவி வேண்டுமாயின் கூலி தரவேண்டும் என்றனர். ஈற்றிற் கூலிக்கு ஒருவனை அமர்த்தி நொக்ஸ் தந்தையை அடக்கஞ் செய்தார். நூலிலே நெஞ்சை உருக்கும் பகுதி இது. இதில் ஆங்கிலேயனின் துயரத்தைக் காண்கிறோம். கிராமத்தாரின் கடுமையைக் காண்கிறோம். இரு தரப்புக்கும் இடையே நின்று பேசியவனை மட்டும் காண்பதில்லை. அவனும் அதே கப்பலில் வந்தவன். அதே அரசனின் கைதி. தன் கரையினின்று பிரிக்கப்பட்டவன். நொக்ஸ் ஒருமுறை சிறைப்பட்டார். அச்சிறுவனோ பணியாளாகவும் கைதியாகவும் இருமுறை சிறைப்பட்டவன். அவன் ஊர் மீண்டானா என்ற கேள்வி நூலில் எழவேயில்லை.

பதினேழாம் நூற்றாண்டு மனிதனை இன்றைய அளவுகோலால் அளத்தல் நீதியன்று என்று இதற்கு மறுப்புக் கூறப்படலாம். ஆனால் ஈண்டு பயன்படும் அளவுகோல் நொக்ஸ் தந்ததேயாகும். விருப்பின்றி ஒருவனை அந்நிய மண்ணில் தடுத்துவைப்பது கொடுமை என்பதை நூல் முழுவதும் நிலைநாட்டுபவர் அவர். பழைய ஆங்கில வேதநூலொன்றைத் தாம் பின்னிய தொப்பிக்கு மாற்றாகப் பெற்றபோது, சொந்த மொழியின் ஓசை சிறைப்பட்டவனுக்கு எத்துணை ஆறுதல் என்பதையும் உணர்ந்தவர். அத்தகையவர் விடுதலைபெற்ற சில ஆண்டுகளில் ‘டொன்குயின் மேர்ச்சன்ட்’ என்ற கப்பலின் தலைவராகி, கம்பனியின் ஆணைப்படி மடகஸ்காரில் அடிமைகளை வாங்கச் சென்றார். எலதெத்தையிலே தாம் வளர்த்த, தம் தோழரொருவரின் மகளான லூசியா என்னும் பெண்ணுக்குத் தம் நிலத்தை உரிமையாக்கிக் கடிதம் எழுதிய அன்புள்ளமும் அவருடையதே. தனிமனித அன்பு உண்டு. சொந்தத் துன்பத்தினின்று பிறர் துன்பத்தை அறியும் பார்வை இல்லை. அனுபவம் தானாகவே அறிவாகிவிடுவதில்லை என்பதற்கு நொக்ஸின் வாழ்வு தக்கதொரு சான்றாகும்.

இவ்வாராய்ச்சி பழைய நூலொன்றோடு முடிந்துவிடுவதன்று. நொக்ஸ் தப்பிச் சென்ற வழி வரலாற்றில் மற்றொரு திசையிலும் பயன்பட்டது. அவர் அரிப்புக் கோட்டையை அடைந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியத் தமிழ்க் குடியானவர்கள் அதே வடமேற்குக் கரையிலே மன்னார், அரிப்பு ஆகிய இடங்களில் வந்திறங்கினர். காட்டு வழியே தம்புள்ளையை அடைந்து, அங்கிருந்து நாவுல, நாலந்தை ஊடாக மாத்தளை வரை நடந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் பலர் அவ்வழியிலேயே மாண்டனர். சிறைமீண்டவன் வெளியேறிய திசையினின்றே சிறைப்படுவோர் உட்புகுந்தனர் என்பது வரலாற்றின் விந்தை. நாவுலயூடாகச் செல்லும் இன்றைய கண்டி-யாழ்ப்பாண நெடுஞ்சாலையில் அந்நடையின் சுவடு எதுவும் எஞ்சவில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலே அவர்கள் வந்துசேர்ந்ததற்கு நிலைத்த அடையாளமாக நிற்கின்றது.

இவர்கள் நொக்ஸையும் கிறெவ்கேரையும் விட உண்மையான உழவர். தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளின் வயல்களை அறிந்தவர். கண்டிச் சீமையின் காட்டை அழித்துத் தோட்டமாக்கியவரும் இவர்களே. ஆனால் நொக்ஸுக்குக் கிடைத்த ஒரு துண்டு நிலமும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஜேம்ஸைப் போல உழைப்பின் பயன் உழைத்தவனுக்கே என்று கூறும் வாய்ப்பும் இருக்கவில்லை. கிறெவ்கேர் ஆறேழு ஆண்டுகளிற் குடியுரிமை பெற்றார். இவர்களோ நூறாண்டுக்கு மேல் உழைத்தபின், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இலங்கையன் என்பவன் யார் என்ற வினா இம்மண்ணில் எழுந்தபோது, மண்ணோடு அதிகம் உறவாடியவர் விடைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

இவர்கள் லண்டனுக்குக் கடிதம் எழுதவில்லை, நூல் வெளியிடவில்லை. ஆயினும் ஊமைகளாக இருக்கவுமில்லை. வந்த வழியின் துயரையும், கங்காணியின் கொடுமையையும், துரையின் அதிகாரத்தையும், பிரிந்த ஊரின் நினைவையும் நாட்டார் பாடல்களாக்கினர். அப்பாடல்களைத் தேடித் தொகுத்தவரும், அம்மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவருமான சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திலேயே பிறந்தவர். 1947இற் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். 1970இல் வெளிவந்த ‘போர்ன் ரு லேபர்’ என்னும் அவரது ஆங்கில நூலின் தலைப்பே உழைக்கப் பிறந்தோர் என்று பொருள்படும். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ அவ்வருகையை நாவலாக்கியது. இவ்வெழுத்துக்களை நொக்ஸின் நூலருகே வைத்துப் படிக்கும்போதுதான் அவர் களத்தின் எந்தப் பக்கத்தில் நின்றார் என்பது தெளிவாகின்றது. அளந்து வாங்கியவனின் கணக்கு அங்கே உண்டு. அளந்து கொடுத்தவனின் குரல் இங்கே உண்டு.

நொக்ஸின் நூல் ஒதுக்கத்தக்கதன்று. நெல்லின் காலத்தையும் குளத்தின் வடிவையும் மக்களின் அச்சத்தையும் அவர் போல் எழுதியோர் அக்காலத்தில் அரியர். கிறெவ்கேரிடம் உள்ள மயக்கம் அவரிடம் இல்லை. நிலத்திற் பற்று வையாதவர் ஆதலின் அதனை அழகுபடுத்தவேண்டிய தேவையும் அவருக்கு ஏற்படவில்லை. அவரது தெளிவுக்குக் காரணம் அதுவே. அவரது குறைக்கும் காரணம் அதுவே. வேரூன்றாதவன் நிலத்தை நன்கு அளக்கலாம்; அந்நிலத்தில் வேரூன்றியும் உரிமை பெறாதவனின் நிலையை அவனால் உணர முடிவதில்லை. பல்கலைக்கழகங்களில் நொக்ஸின் நூல் வரலாற்றுத் துறைக்கும், நாட்டார் பாடல் தமிழ்த் துறைக்கும், கிறெவ்கேரின் கடிதங்கள் ஆங்கிலத் துறைக்கும் என்று பிரித்துக் கற்பிக்கப்படும்வரை இவற்றுக்கிடையேயுள்ள உறவு மறைந்தே கிடக்கும். மூன்றையும் ஒருங்கே கற்கும் மாணவன், நூலில் எழுதப்பட்டதை அறிவதோடு, பறங்கிப்பேட்டைச் சிறுவனின் பெயர் ஏன் எழுதப்படவில்லை என்று கேட்கவும் கற்றுக்கொள்வான். இலக்கியத் திறனாய்வு சமூகத்துக்கு ஆற்றக்கூடிய பணிகளுள் இவ்வாறு கேட்கப் பழக்குவது முதன்மையானது.